குழு போட்டாயிற்று, பஸ் வருமா?

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்த கதை பலருக்கும் தெரியும். ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார், கைதானார். அதன் பிறகு 381 நாட்கள் மக்கள் நடந்தார்கள். அந்த மாதமே அங்கே ஒரு குழுவும் போடப்பட்டது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. புறக்கணிப்பு தொடங்கி இரண்டு வாரம் முடிவதற்குள், இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பதற்காக மேயர் ஒரு குடிமக்கள் குழுவை அமைத்தார். கறுப்பினத் தரப்பு அப்போது கேட்டதெல்லாம் மிகக் கொஞ்சம்: ஓட்டுநர்கள் மரியாதையாக நடத்த வேண்டும்; வெள்ளையர் முன்னாலிருந்தும் கறுப்பர் பின்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்கார வேண்டும்; கறுப்பர்கள் அதிகம் ஏறும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை அமர்த்த வேண்டும். பிரிவினையையே ஒழித்துவிடுங்கள் என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, பிரிவினையைக் காப்பதற்கென்றே உருவான வெள்ளையர் அமைப்பு ஒன்றின் செயலர் அந்த மேசையில் வந்து உட்கார்ந்தார். மார்ட்டின் லூதர் கிங் ஆட்சேபித்தார். பேச்சு முறிந்தது. கடைசியில் தீர்வு நீதிமன்றத்திலிருந்து வந்தது: 1956 நவம்பரில், பஸ்ஸில் பிரித்து உட்காரவைக்கும் சட்டம் செல்லாது என்ற தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

பொதுப் போக்குவரத்தில் நியாயம் குறித்து ஆலோசனை சொல்ல அரசு ஒரு குழு அமைத்திருக்கிறது என்ற செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் எனக்கு முதலில் இந்தக் குழுதான் நினைவுக்கு வரும். கோரிக்கையில் குறையில்லை, கூட்டமும் கூடியது. யார் யார் உட்காரலாம், அவர்கள் சொல்வதற்கு யார் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை மட்டும் எங்கும் எழுதிவைக்கவில்லை. அறிவிப்பு வெளியான அன்று நாளிதழ்கள் தலைவரின் பெயரையும் உறுப்பினர்களின் படங்களையும் போடுகின்றன. நான் தேடுவது குழுவை அமைத்த உத்தரவின் கடைசிப் பக்கங்களை. குழுவின் விதி பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

ஆலோசனைக் குழு என்றால் என்ன? அதற்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் கிடையாது, யாரையும் தண்டிக்க முடியாது, ஒரு பஸ்ஸைக்கூடத் திருப்பிவிட முடியாது. பார்க்கும், கேட்கும், எழுதும், கொடுக்கும். கொடுத்ததை அமைச்சர் படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். ஆகவே குழு போடுவதும் விஷயத்தைக் கிணற்றில் போட்ட கல்லாக்குவதும் ஒன்றுதான் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் அது முழு உண்மையாகாது; அதற்குச் சான்று பின்னால் வருகிறது.

இப்படிப்பட்ட குழுக்கள் மலிந்துபோன நாடு அமெரிக்கா. அவற்றை ஒழுங்குபடுத்தவே 1972இல் அங்கே தனிச் சட்டம் இயற்றினார்கள். மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவுக்கு எழுத்துமூலமான சாசனம் இருக்க வேண்டும். மாறுபட்ட கருத்துடையவர்கள் சமநிலையில் இடம்பெற வேண்டும். கூட்டத்தை அரசிதழில் முன்கூட்டியே அறிவித்துப் பொதுமக்களை உள்ளே விட வேண்டும். குழுவின் காகிதங்களை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அரசு அதிகாரி நியமிக்கப்படுவார். அவர் ஒப்புக்கொள்ளாமல் கூட்டம் கூடாது. நிகழ்ச்சி நிரல் அவர் கைபட்டுத்தான் வெளியே வரும். பொது நலனுக்கு நல்லது என்று அவருக்குப் பட்டால் நடந்துகொண்டிருக்கும் கூட்டத்தையே அவர் முடித்துவைக்கலாம். போதாததற்கு, புதுப்பிக்காவிட்டால் சாசனம் இரண்டு ஆண்டில் காலாவதியாகிவிடும். வெளியிலிருந்து வந்து குறை சொல்ல வேண்டிய குழு, தான் யாரைக் குறை சொல்ல வேண்டுமோ அந்தத் துறையின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

சரி, நியாயம் என்றால் என்ன? இந்தச் சொல்லை நடுவில் வைத்துக் குழு உட்கார்ந்தால் முதல் கூட்டத்திலேயே இரண்டு அணி பிரிந்துவிடும். வரி கட்டும் எல்லோருக்கும், எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே அளவு சேவை வேண்டும் என்பார் ஒருவர். பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லாதவருக்குத்தான் கூடுதலாக வேண்டும் என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் நியாயமே. ஒதுக்கக் கையில் இருக்கும் பஸ் நூறு என்றால், இரண்டு நியாயமும் சேர்ந்து அதில் ஏற முடியாது. ‘சமத்துவமான, எல்லோரையும் உள்ளடக்கிய, நீடித்த’ என்று மூன்று அடைமொழிகளை அடுக்கி இந்தச் சண்டையைத் தள்ளிப்போடும் குழுக்களே அதிகம். என் கருத்தில், எந்த நியாயத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை முதல் அறிக்கையிலேயே வெளிப்படையாக எழுதாத குழு, பிறகு எத்தனை பக்கம் எழுதினாலும் ஒன்றும் எழுதாத குழுதான்.

நியாயக் குறைவு பெரும்பாலும் கொடுமையின் உருவத்தில் வருவதில்லை, சாதாரண ஏற்பாடாகத்தான் வருகிறது. மாதப் பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் டிக்கெட் எடுப்பதைவிட அது மலிவு. ஆனால் மாதத் தொடக்கத்தில் மொத்தமாகப் பணத்தை எடுத்துவைக்க வேண்டும். அன்றாடக் கூலி வாங்குபவரிடம் அந்தத் தொகை ஒன்றாகச் சேராது. அவர் ஏறும்போதெல்லாம் டிக்கெட் எடுப்பார். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், அதே தடத்தில் அதே பஸ்ஸில் பாஸ் காட்டிப் போனவரைவிட அதிகம் கொடுத்திருப்பார். யாரும் அவரை ஏமாற்றவில்லை, விதியும் எல்லோருக்கும் ஒன்றுதான். லண்டனில் இதற்கு ஒரு மாற்று கண்டார்கள். 2005 முதல், பயணக் கட்டணம் செலுத்தும் ஆய்ஸ்டர் மின்னட்டையில் தினசரி உச்சவரம்பு வந்தது: ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்காது. முன்பணம் கட்ட முடியாதவருக்கும் பாஸின் பலன் ஓரளவு கிடைத்தது. ஆனால் 2014 ஜூலையில் அதே லண்டன் பஸ்களில் ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அட்டை இல்லாமல் சில்லறையோடு வந்து நிற்பவருக்கு இப்போது பஸ்ஸிலேயே இடமில்லை. ஓர் ஓட்டையை அடைத்த கை இன்னோர் ஓட்டையைத் திறப்பது இந்தத் துறையில் அன்றாட நிகழ்ச்சி. குழு ஒரு முறை கூடி அறிக்கை கொடுத்துக் கலைவதைவிட, இருந்துகொண்டே இருப்பது நல்லது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இன்னொன்று, எண்ணப்படாத பயணங்கள். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் ஒருவரை மனத்தில் வைத்தே தடங்களும் நேர அட்டவணைகளும் உருவாகின்றன. ஆனால் ஒரு பெண் குழந்தையைப் பள்ளியில் விட்டு, மாமியாருக்கு மருந்து வாங்கிக் கொடுத்து, பிறகு வேலைக்குப் போய், திரும்பும் வழியில் காய்கறி வாங்கி, மறுபடி பள்ளிக்குப் போகிறார். ஐந்து சிறு பயணங்கள், ஐந்து முறை ஏறுதல், சில இடங்களில் ஐந்து டிக்கெட். கணக்கெடுப்புப் படிவமோ ‘வேலை, கல்வி, கடைகண்ணி, பொழுதுபோக்கு, பிற’ என்று கட்டம் போட்டுவைத்திருக்கிறது. அவருடைய நாள் இந்தக் கட்டங்களில் சிதறி எங்கேயும் பெரிய எண்ணாகத் தெரிவதில்லை. ஸ்பெயினைச் சேர்ந்த திட்டமிடல் அறிஞர் இனெஸ் சான்செஸ் தெ மதரியாகா இவற்றையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, பிறரைப் பராமரிப்பதற்கான பயணங்கள் என்று தனியாகப் பெயர் வைத்தார். பெயர் வைத்த பிறகுதான் அவை எவ்வளவு பெரிய பங்கு என்பதே கண்ணில் பட்டது. இது பெண்களின் தனிக் குறை என்று ஒதுக்கும் விஷயமன்று. கட்டம் போட்டவர் யார் என்ற கேள்வி.

கட்டம் போடும் மேசையில் யார் உட்கார வேண்டும் என்பதில் பிரிட்டன் ஒரு நல்ல முன்மாதிரியைக் காட்டியிருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தை அங்கே பலர் இன்னமும் திட்டுவார்கள். லண்டனுக்கு வெளியே பஸ் போக்குவரத்தைச் சந்தையின் கையில் விட்ட சட்டம் அது. அதே சட்டத்தின் 125ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் போக்குவரத்து குறித்து அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும் குழு ஒன்றை உருவாக்கியது. தலைவரை விட்டுவிட்டு எண்ணினால், உறுப்பினர்களில் பாதிப் பேராவது எப்போதும் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். ‘முடிந்தவரை’ என்றோ ‘உரிய பிரதிநிதித்துவம்’ என்றோ மழுப்பவில்லை.

அந்தக் குழு 1988இல் பஸ்களுக்கு ஒரு பரிந்துரைத் தரக்குறிப்பு வெளியிட்டது. படிக்கட்டின் உயரம் எவ்வளவு இருக்கலாம், படியின் விளிம்பு எப்படிக் கண்ணில் பட வேண்டும், கைப்பிடிக் கம்பி என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பவைதான் உள்ளே. இறங்க வேண்டும் என்று மணியடிக்கும் பொத்தானைப் பாருங்கள். அது கூரையை ஒட்டி ஒன்றோ இரண்டோ இருந்தால், முழங்கால் வலியுள்ளவர் ஓடும் பஸ்ஸில் எழுந்து, தடுமாறி, கையை உயர்த்தி அழுத்த வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது அவர் விழுவார். பொத்தான் சிறியதாக இருந்தால் விரல் மூட்டு வீங்கியவரால் அழுத்தவே முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டும் உயரத்தில், உள்ளங்கையால் அழுத்தினாலே வேலை செய்யும் அளவில் அதை வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. செலவு சொற்பம். அதுவரை ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்றால், பஸ்ஸை வடிவமைத்தவர்கள் எழுந்து நின்று அழுத்தக்கூடியவர்கள். கம்பிக்கு மங்கலான உலோக நிறமே போதும் என்று நினைத்தவர்களுக்குப் பார்வை நன்றாக இருந்தது. குழு சொன்ன பளிச்சென்ற நிறக் கம்பிகளையும் பெரிய பொத்தான்களையும் பஸ் தயாரிப்பாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1995இல் மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்துவதற்கு எதிரான சட்டம் வந்தது. 2000இல் பஸ்களுக்கான விதிகள் வந்தன. 2017 தொடக்கத்திலிருந்து மாடி பஸ்கள் உட்பட உள்ளூர்த் தடங்களில் ஓடும் பஸ்கள் அந்த விதிகளுக்கு உட்பட்டாக வேண்டும். முதல் பரிந்துரையிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ முப்பது ஆண்டு. மெதுவான வேலைதான். ஆனால் கிணற்றில் போட்ட கல் இப்படிப் பொத்தானாக மேலே வருவதும் உண்டு.

பிரிட்டனின் குழுவுக்கு வாய்த்தது ஒரு வசதி: உறுப்பினர்களின் உடம்பே தரவாக இருந்தது. தடம், கட்டணம், நேரம் என்று வரும்போது அப்படி நடக்காது. எந்தத் தடத்தில் யார் ஏறுகிறார்கள், ஒரு பயணிக்கு அரசு எவ்வளவு செலவிடுகிறது, கட்டணத்தை உயர்த்தினால் யார் இறங்கிப் போவார்கள் என்பதெல்லாம் போக்குவரத்துக் கழகங்களின் கணினியில் இருக்கும் விவரங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்ற விதி இல்லாவிட்டால் குழு அனுபவக் கதைகளை மட்டுமே வைத்துக்கொண்டு பேசும். எதிரே இருக்கும் அதிகாரி சராசரிக் கணக்கைக் காட்டி வாயை அடைத்துவிடுவார். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது, இரவு பதினொரு மணிக்குத் தெருவிளக்கின் கீழே நிற்கும் துப்புரவுப் பணியாளருக்கு எந்த உதவியும் செய்யாது.

தரவுக்குப் பின்னால் பணமும் நின்றால் என்ன ஆகும் என்பதைச் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பார்த்தார்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் உதவி பெறும் பெரிய போக்குவரத்து நிறுவனங்கள், சேவையிலோ கட்டணத்திலோ பெரிய மாற்றம் செய்வதற்கு முன்னால் அது சிறுபான்மையினரையும் ஏழைகளையும் எப்படிப் பாதிக்கும் என்று ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. மத்திய அரசின் பணம் பெறும் திட்டங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும், 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாவது தலைப்பு இதற்கு வேர். ஓக்லண்ட் விமான நிலையத்துக்குப் புதிய ரயில் இணைப்பு கட்டத் திட்டமிட்ட நிறுவனம் இந்த ஆய்வைச் சரியாகச் செய்யவில்லை என்று மக்கள் அமைப்புகள் 2009இல் புகார் கொடுத்தன. 2010 பிப்ரவரியில் மத்தியப் போக்குவரத்து நிர்வாகம் அந்தத் திட்டத்துக்கு வைத்திருந்த 7 கோடி டாலரை நிறுத்திவிட்டது. பணம் அந்த வட்டாரத்தின் போக்குவரத்து நிறுவனங்களுக்குப் பிரிந்து போனது. இது நியாயத்தின் வெற்றியா? இணைப்பு வேறு பணத்தில் கட்டப்பட்டு 2014 நவம்பரில் ஓடத் தொடங்கியது. முன்பு ஓடிய பஸ்ஸில் 3 டாலர் இருந்த கட்டணம் 6 டாலர் ஆனது. ஆய்வு செய்யாமல் தப்ப முடியாது என்ற பயம் நிறுவனங்களுக்கு வந்தது. கட்டணத்தில் 3 டாலர் கூடியதை அந்தப் பயம் தடுக்கவில்லை.

இன்னும் சங்கடமான இடம் ஒன்று உண்டு. நியாயக் கோரிக்கைகள் எப்போதும் பலவீனர், பலவான் என்று எதிரெதிரே நிற்பதில்லை. இரண்டு பலவீனர்கள் ஒரே இடத்தைக் கேட்பதும் உண்டு. 2012இல் இங்கிலாந்தில் சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் பஸ்ஸில் ஏற முடியாமல் திரும்பினார். சக்கர நாற்காலிக்கான இடத்தில் தூங்கும் குழந்தையோடு தள்ளுவண்டியை நிறுத்தியிருந்த தாய் நகர மறுத்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓட்டுநர் ஒரு முறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, நகர மறுப்பது நியாயமில்லை என்று அவருக்குப் பட்டால் மேலும் முயல வேண்டும் என்று 2017இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தாயை இறக்கிவிட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நிறுத்தங்களைக் குறைத்தால் பஸ் வேகமாகப் போகும், தூரத்திலிருந்து வேலைக்கு வருபவருக்கு அரை மணி மிச்சம். அதே மாற்றத்தால் முதியவர் கூடுதலாக நடக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில்தான் ஒரு குழு உண்மையிலேயே தேவைப்படுகிறது. நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தால் ஒரு விடைதான் சொல்ல முடியும். குழுவால் பஸ்ஸின் உட்புறத்தையே மாற்றி இரண்டு இடம் வைக்கச் சொல்ல முடியும்.

இனி ஆயுள். 2010இல் பிரிட்டனில் வந்த புதிய அரசு, செலவைக் குறைப்பதற்காகப் பல பொது அமைப்புகளைக் கலைக்கப் பட்டியல் போட்டது. மேலே சொன்ன மாற்றுத்திறனாளிகள் குழுவும் அதில் இருந்தது. ஆனால் அது சட்டத்தால் உருவான குழு. அமைச்சர் ஒரு கையெழுத்தில் கலைக்க முடியாது. புதிய சட்டத்தின்படி பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியிருந்தது, கேட்டார்கள். 2013இல் குழு நீடிக்கும் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே போக்குவரத்து நியாயத்துக்கென்று முன்பு ஒரு முறை ஓர் ஆலோசனைக் குழு இருந்து நின்றுபோயிருந்தது. அதைப் போக்குவரத்துத் துறைச் செயலர் பீட் புட்டிஜெஜ் 2023இல் மீண்டும் உயிர்ப்பித்து 24 உறுப்பினர்களை நியமித்தார். அதற்கு அடித்தளம் செயலரின் விருப்பம்தான்; நாடாளுமன்றச் சட்டம் எதுவும் அதைக் கட்டாயமாக்கவில்லை. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற அதிபர் டிரம்ப், மத்தியத் துறைகளில் சமநீதி என்ற பெயரில் நடக்கும் திட்டங்களையும் பதவிகளையும் முடித்துவைக்கும்படி அன்றே உத்தரவிட்டார். மறுநாள், 1994 முதல் நடப்பில் இருந்த சுற்றுச்சூழல் நீதி உத்தரவும் ரத்தானது. கையெழுத்தால் வந்ததற்குக் கையெழுத்தே போதும்.

ஆலோசனைக்குப் பல் முளைத்தால் எப்படியிருக்கும் என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் ஓர் அபூர்வமான உதாரணம். 1994இல் அந்நகரின் போக்குவரத்து ஆணையம் பஸ் கட்டணத்தை 1.10 டாலரிலிருந்து 1.35 டாலராக உயர்த்தவும், 42 டாலர் மாதப் பாஸை ஒழிக்கவும் முடிவெடுத்தது. ஏறத்தாழ அதே வேளையில் பசடேனா ரயில் தடத்துக்கு 12.3 கோடி டாலர் ஒதுக்கியது. பஸ் பயணிகள் சங்கத்தினர் வழக்குத் தொடுத்தார்கள். பெரும்பாலும் கறுப்பின, லத்தீன், ஆசிய ஏழைகள் ஏறும் பஸ்ஸில் ஒரு பயணிக்கு அரசு கொடுக்கும் மானியம் ஒரு டாலரைச் சற்றே தாண்டும், புறநகர் ரயிலில் ஒருவருக்கு 20 டாலருக்கு மேல் போகிறது என்பது அவர்கள் வைத்த கணக்கு. 1996இல் சமரசத் தீர்ப்பாணை வந்தது. ஆணையமும் பயணிகள் சங்கமும் சரிசமமாக உட்காரும் கூட்டுக் குழு ஒன்றை அது அமைத்தது. இழுபறி வந்தால் முடிவு சொல்ல நீதிமன்றம் நியமித்த நடுவர் இருந்தார். நெரிசலைக் குறைப்போம் என்ற பொதுவான வாக்குறுதியோடு அது நிற்கவில்லை. கூட்ட நேரத்தில் ஒரு பஸ்ஸில் சராசரியாக 15 பேருக்கு மேல் நிற்கக் கூடாது, 2002 நடுவில் அது 8 ஆக வேண்டும் என்று எண்ணிச் சொன்னது. ஆணையம் மேல்முறையீடு செய்து தோற்றது. பழைய பஸ்கள் போய்ப் புதியவை வந்தன, தடங்கள் கூடின.

அந்தக் கதவு பிறகு மூடிக்கொண்டது. பாகுபடுத்தும் நோக்கம் இருந்ததென்று காட்டாமல், விளைவை மட்டும் காட்டித் தனிமனிதர்கள் ஆறாவது தலைப்பின் கீழ் வழக்குத் தொடுக்க முடியாது என்று 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு அங்கே பயணிகளுக்கு எஞ்சியவை நிர்வாகத்திடம் புகார் கொடுப்பதும் ஆலோசனைக் குழுக்களில் பேசுவதும்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் தீர்ப்பாணையின் ஆயுள் பத்து ஆண்டு என்று அதிலேயே எழுதியிருந்தது. 2006 அக்டோபரில் அது முடிந்தது. 2007 ஜூலையில் ஒரு நாள் பாஸ் 3 டாலரிலிருந்து 5 டாலராகவும், மாதப் பாஸ் 52 டாலரிலிருந்து 62 டாலராகவும் உயர்ந்தன.